பொம்மை எங்கிருந்து பேசுகிறது?

டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இடது கையை முட்டியாக மடக்குங்கள். இறுக்க வேண்டாம், தளர்வாக இருக்கட்டும். கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். இப்போது கட்டைவிரலை மட்டும் கீழே இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஒரு வாய் திறந்து மூடுகிறது, இல்லையா? கட்டைவிரல் கீழுதடு, ஆட்காட்டி விரல் மேலுதடு. அதற்கு மேலே பேனாவால் இரண்டு புள்ளி வைத்தால் முகமே வந்துவிடும். இந்த ஒரு முகத்தை நம்பி ஒருவர் பல பத்தாண்டுகள் உலக மேடைகளில் ஏறி, வீடு வாசல் நடத்தி, 103 வயதுவரை வாழ்ந்திருக்கிறார். அவருடைய கையிலிருந்தே நாமும் தொடங்கலாம்.

அவர் பெயர் வென்செஸ்லாவோ மோரேனோ. மேடையில் சென்யோர் வென்செஸ். ஸ்பெயின் நாட்டில் சலமான்கா நகரத்துக்கு அருகிலுள்ள பெனியராண்டா என்ற சிற்றூரில் 1896இல் பிறந்தவர். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது, வராத நண்பர்களுக்காக அவர்களுடைய குரலில் 'இருக்கிறேன் ஐயா' என்று சொல்வாராம். ஒருநாள் பிடிபட்டார். வகுப்பிலுள்ள மைக்கூடுகளை எல்லாம் கழுவ வேண்டும் என்பது தண்டனை. கழுவும்போது கையெல்லாம் மை. அந்த மையாலேயே முட்டியில் ஒரு முகம் வரைந்து, அதைப் பேசவைத்தார். தண்டனை கொடுத்த அறையிலேயே அவருடைய பிழைப்பு பிறந்துவிட்டது. பின்னாளில் அந்தக் கைமுகத்துக்கு ஜானி என்று பெயர். தலையில் ஒரு பொய்முடி, உதட்டில் சாயம், கீழே சின்னதாய் ஓர் உடம்பு. அவ்வளவுதான் முதலீடு.

இந்தக் கலைக்கு ஆங்கிலப் பெயர் வென்ட்ரிலோக்கிசம். லத்தீன் மொழியில் வயிறு, பேச்சு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர். பழைய கிரேக்கத்தில் சிலர் உதடு அசையாமல் பேசிக் குறி சொன்னார்கள். அவர்கள் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஓர் ஆவி பேசுவதாக மக்கள் நம்பினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. உண்மையில் வயிற்றுக்கு இதில் தனியாக ஒரு வேலையும் கிடையாது. பாடகருக்கும் மேடைப் பேச்சாளருக்கும் மூச்சைத் தாங்கிக் கொடுப்பதுபோலத்தான் இவர்களுக்கும் கொடுக்கிறது. நம் ஊரில் இதைப் 'பேசும் பொம்மை' என்கிறோம். 1977இல் வந்த 'அவர்கள்' படத்தில் கமல்ஹாசன் மடியில் ஜூனியர் என்ற பொம்மையை வைத்துப் பேசினாரே, அதே கலைதான்.

என் பள்ளி ஆண்டு விழாவில் ஒருமுறை பேசும் பொம்மை நிகழ்ச்சி நடந்தது. முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் மேடைக்குப் பின்னால் ஓடினோம். அங்கே அந்தப் பொம்மை பெட்டிக்குள் கால்கள் மடங்கிக் கிடந்தது. 'குரலை எப்படி சார் அதுக்குள்ள அனுப்புறீங்க?' என்று கலைஞரிடம் கேட்டோம். அவர் சிரித்தார், சொல்லவில்லை. எல்லோரும் கேட்கும் கேள்வி அதுதான். இந்தக் கலையைப் பற்றி எல்லோரும் வைத்திருக்கும் ஒரே தவறான எண்ணமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. குரலை அனுப்புவது, எறிவது, வீசுவது என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை. எந்தப் பயிற்சி செய்தாலும், எந்தக் குருவிடம் போனாலும், தொண்டையில் பிறந்த ஒலி வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும்தான் வெளியே வரும். அரை அடி தள்ளியிருக்கும் பொம்மையின் வாயிலிருந்து அது வரவே முடியாது. பின் யார்தான் குரலைப் பொம்மைக்குக் கொண்டு போவது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கொட்டகை. இல்லாவிட்டால் இன்றைய தியேட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னாலும் பக்கச் சுவர்களிலும் இருக்கின்றன. திரையில் எம்.ஜி.ஆர். இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நடந்துகொண்டே பாடுகிறார். ஒலிபெருக்கி நகரவில்லை. ஆனால் பாட்டு அவருடைய வாயோடு சேர்ந்து நடந்துபோகிறது. பாடுவது டி.எம்.சௌந்தரராஜன் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும், குரலை எடுத்துக் கொண்டுபோய் அந்த வாயில் வைக்கிறோம். யாரும் நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வைக்காமல் இருக்க முயன்றாலும் முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாடு பார்த்துப் பழகிய மிகப் பெரிய பேசும் பொம்மை நிகழ்ச்சி பின்னணிப் பாட்டுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஏன் இப்படி நடக்கிறது? ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கும் முறையைப் பார்த்தால் புரியும். இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் ஒலி இடது காதை முதலில் தொட்டு, வலது காதைச் சற்றுப் பிந்தித் தொடும். அந்தப் பிந்தல் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை வைத்தும், எந்தக் காதில் சத்தம் கூடுதல் என்பதை வைத்தும் மூளை கணக்குப் போடுகிறது. இடமா வலமா என்பதில் காது கெட்டிக்காரன். மேலா கீழா, கிட்டவா எட்டவா என்பதில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கலைஞரின் வாய்க்கும் பொம்மையின் வாய்க்கும் இடையே அரை மீட்டர். உங்கள் இருக்கையிலிருந்து அது சுமார் 3 டிகிரி கோணம்தான். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலத்துக்குள் மறைந்துவிடும் தூரம். மைக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டால் அந்த வித்தியாசமும் போயிற்று.

காது தடுமாறும்போது மூளை கண்ணைக் கேட்கிறது. 'யாருடைய வாய் அசைகிறது?' என்று கேட்கிறது. கண், 'அதோ, பொம்மையின் வாய்' என்கிறது. அங்கேயே தீர்ப்பு. பஞ்சாயத்தில் இரண்டு சாட்சி வந்தால், தெளிவாகச் சொல்கிறவன் பக்கம் தீர்ப்புப் போவதைப்போல. கண் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பார்ப்பதை வேண்டுமென்றே மிகவும் மங்கலாக்கிப் பார்த்தார்கள். அப்போது தீர்ப்பு காதின் பக்கம் சாய்ந்தது. ஆக, அந்த நேரத்தில் நம்பத் தகுந்த சாட்சி யாரோ, அவர் பேச்சை மூளை எடுத்துக்கொள்கிறது. மேடை வெளிச்சத்தில், சிவப்பு உதடு தீட்டிய பெரிய வாய் தெளிவாகத் திறந்து மூடும்போது, சாட்சி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆகவே, குரலை எறிவது மேடையில் இருப்பவர் இல்லை. தூக்கிக்கொண்டு போவது நாம். அவர் செய்வதெல்லாம் நமக்கு வழியைத் திறந்துவிடுவது.

இதற்கு வென்செஸின் இன்னொரு வித்தையைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அது. அவரிடம் பெட்ரோ என்று முழு உடம்போடு ஒரு பொம்மை இருந்தது. 1936இல் ஒரு ரயில் விபத்தில் அது உடைந்துபோனது. தலை மட்டும் மிஞ்சியது. வேறொருவர் புதுப் பொம்மை செய்யக் கொடுத்திருப்பார். இவர் அந்தத் தலையை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு மேடைக்கு வந்துவிட்டார். மூடியைத் திறந்தால் பெட்ரோவின் கரகரத்த குரல் கணீரென்று வரும். பேச்சின் நடுவில் மூடியைச் சாத்தினால் குரல் உள்ளே அடைபட்டுக் கேட்கும். மறுபடி திறந்தால் கணீர். அவையில் இருப்பவர்கள் குரல் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள்.

பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாக எப்படிக் கேட்கிறது என்று நினைத்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. கூர்மையான ஒலிகளைச் சுவர் விழுங்கிவிடுகிறது, மந்தமான முழக்கத்தை மட்டும் இந்தப் பக்கம் விடுகிறது. அந்த மந்தத்தைத் தொண்டையிலேயே செய்துவிட்டால்? நாக்கின் பின்பகுதியை உயர்த்தி, குரலை உள்ளுக்குள் இறுக்கி, கூர்மையை எல்லாம் வடிகட்டிவிட்டுப் பேசினால், அது பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல்போலவே இருக்கும். வென்செஸ் பெட்டிக்குள் எதையும் அனுப்பவில்லை. மூடி சாத்தும் கணத்தில் தன் குரலின் நிறத்தை மாற்றினார். பெட்டிக்குள் வைத்தது நம் காது, பக்கத்து வீட்டு டிவியைக் கேட்டுப் பழகிய அதே காது.

சரி, உதடு அசையாமல் பேசுவது எப்படி? இப்போது அடுத்த படிக்கு வருவோம். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, பல்வரிசைகளை லேசாகத் தொடவைத்து, உதடுகளைச் சற்றே திறந்து, அரைச் சிரிப்பில் நிறுத்துங்கள். அப்படியே இதைச் சொல்லுங்கள்: 'தங்கச்சி, தட்டிலே இட்லி எங்கே?' வருகிறதா? முதல் முயற்சியிலேயே வரும். இனி இதைச் சொல்லுங்கள்: 'மாமா, பாப்பாவுக்குப் பப்பாளி வேணுமாம்.' உதடு துடித்துவிடுகிறது, எவ்வளவு அடக்கினாலும். முதல் வாக்கியத்தில் எல்லா ஒலியும் நாக்கின் வேலை. இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லிலும் உதட்டின் வேலை.

இந்தக் கணக்கைத் தமிழன் என்றோ எழுதி வைத்துவிட்டான். பகரமும் மகரமும் உதடுகள் சேர்ந்து பிறக்கும், வகரம் மேற்பல்லும் உதடும் பொருந்திப் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றுக்கு உதடு குவிய வேண்டும். இவை ஒன்றுகூட வராமல் செய்யுள் எழுதுவதே நம் புலவர்களுக்கு ஒரு சவாலாக இருந்தது. நிரோட்டகம் என்று அதற்குப் பெயர், இதழகல் என்றும் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். உதடு ஒட்டாமலும் குவியாமலும் முழு நூலையும் சொல்லி முடிக்கலாம். பேசும் பொம்மைக் கலைஞர் ஒருவர் கையில் அந்த நூல் கிடைத்தால் என்ன ஆனந்தப்படுவார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆனால் நாள் முழுக்க இதழகலாகப் பேச முடியாது. பொம்மைக்கும் மாமா வேண்டும், பப்பாளி வேண்டும். ஆகவே கலைஞர்கள் மாற்று ஒலி வைத்துக்கொள்கிறார்கள். ப வர வேண்டிய இடத்தில் நாக்கை மேற்பல்லின் பின்புறம் மென்மையாக ஒட்டி எடுத்து, தகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒலி. ம வர வேண்டிய இடத்தில் நகரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூக்கொலி ஒன்று. பப்பாளி 'தத்தாளி' ஆகிறது, மாமா கிட்டத்தட்ட 'நாநா' ஆகிறார். தனியாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேகமான பேச்சுக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு நயமான வழியும் இருக்கிறது. கடினமான சொல்லைப் பொம்மை சொல்லுமுன் மனிதர் தன் உதட்டாலேயே சொல்லிவிடுவார்: 'என்னது, பப்பாளியா?' அதற்குப் பிறகு பொம்மை 'ஆமா, தத்தாளி' என்றாலும் நம் காதில் பப்பாளி என்றே விழும்.

நம் காது அவ்வளவு ஏமாளியா என்று வருத்தப்பட வேண்டாம். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் ஒருவருடைய வாய் 'க' ஒலிக்கு அசைகிறது. அதன்மேல் பதிவு செய்த ஒலியோ 'ப'. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தின் அதிர்வொலிகளை, 'கங்கை'யில் முதலில் வரும் ஒலி, 'பந்து' என்பதில் முதலில் வரும் ஒலி போன்றவை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது இரண்டும் இல்லை, நடுவில் ஒரு 'ட' ஒலி. கண்ணை மூடினால் 'ப' சரியாகக் கேட்கிறது, திறந்தால் மாறிவிடுகிறது. கேட்பது என்ற காரியத்தைக் காது மட்டும் செய்வதில்லை. கண்ணும் செய்கிறது, எதிர்பார்ப்பும் செய்கிறது. மூன்றும் சேர்ந்து சமைப்பதைத்தான் நாம் கேட்டோம் என்கிறோம்.

இவ்வளவு தெரிந்தபின், இன்னொரு பையனைப் பார்க்கலாம். எட்கர் பெர்கன். ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். 1903இல் சிகாகோவில் பிறந்து, சின்ன வயதில் மிச்சிகன் மாநிலத்து டெகாட்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருந்தவர். 11 வயதில் ஒரு சிறு கையேட்டைப் படித்துத் தானே உதடசையாப் பேச்சைக் கற்றுக்கொண்டார். வித்தை சொல்லும் சின்னப் புத்தகங்களும் தபாலில் வரும் மாயப் பெட்டிகளும்தான் அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கலைக்கல்லூரி. பின்னாளில் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டு இரவு நிகழ்ச்சி நடத்திய ஜானி கார்சன்கூட, நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்ற ஊரில் 12 வயதில் ஒரு மாயவித்தைப் புத்தகத்தைக் கண்டு, தபாலில் பெட்டி வரவழைத்து, 14 வயதில் ஊர்க்கூட்டத்தில் மேடை ஏறியவர்தான்.

பெர்கனுக்குப் பொம்மை வேண்டியிருந்தது. தெருவில் செய்தித்தாள் விற்கும் துடுக்கான ஐரிஷ் பையன் ஒருவனை அவருக்குத் தெரியும். அந்த முகத்தைத் தலையாகச் செதுக்கித் தரச்சொல்லி சிகாகோவில் தியோடர் மாக் என்ற மரச்சிற்பியிடம் கொடுத்தார். உடம்பை அவரே செய்துகொண்டார். ஒன்பது அங்குல விளக்குமாற்றுக் கம்பு முதுகெலும்பு. தாடையை அசைக்க ரப்பர் வளையமும் கயிறும். பொம்மையின் பெயர் சார்லி மெக்கார்த்தி. பொறியியல் என்று பார்த்தால் நம் கிணற்று ராட்டினத்தைவிட எளிது. கயிற்றை இழுத்தால் தாடை இறங்கும், விட்டால் ரப்பர் அதை மேலே இழுத்துக்கொள்ளும். ஆனால் எப்போது இழுப்பது என்பதில்தான் பல வருஷம் போகும். பழகாதவர்கள் சொல் முடியும்போது வாயைத் திறப்பார்கள், பொம்மை பேச்சைக் கடித்துத் தின்பதுபோல் இருக்கும். ஒவ்வோர் அசை தொடங்கும்போதும் வாய் திறக்க வேண்டும். 'தங்-கச்-சி' என்றால் மூன்று திறப்பு.

அதைவிடப் பெரிய பாடம் பார்வை. பொம்மை பேசும்போது மனிதர் அசையாமல் அதையே பார்க்க வேண்டும். முழுக் கவனத்தோடு, அடுத்து என்ன சொல்லப்போகிறதோ என்று தெரியாதவர்போல. அவர் பார்க்கும் இடத்தை நாமும் பார்ப்போம், அது மனித சுபாவம். மனிதர் பேசும்போது பொம்மை சும்மா இருக்கக்கூடாது. தலையைத் திருப்பி அவையை நோட்டம் விடவேண்டும், 'இவர் சொல்வதை நம்பாதீர்கள்' என்பதுபோல் மெல்லத் தலையசைக்க வேண்டும். ஒரு கையில் அந்த உயிர், தொண்டையில் இந்தக் குரல், முகத்தில் கேட்கிறவனின் பாவம், மனத்தில் அடுத்த வரி. ஒரே ஆள் இரண்டு பேராகி, அதில் ஒருவர் மற்றவரைக் கேட்டு வியப்பதுபோல் காட்ட வேண்டும். உதட்டை அடக்குவது இதில் பத்தில் ஒரு பங்கு வேலை என்பது என் கருத்து.

பெர்கனுக்குப் 16 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். கணக்கர் வேலை கற்றுக்கொள்ளப் போனார், கொதிகலனுக்குக் கரி தள்ளினார், பேசாப் படக் கொட்டகையில் படம் ஓட்டினார். பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான முன்படிப்பு. செலவுக்குக் கைகொடுத்தவன் சார்லிதான். படிப்பு பாதியில் நின்றது, மேடை நிற்கவில்லை. அந்த நாளில் ஷடாக்வா என்று ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சொற்பொழிவும் பாட்டும் வேடிக்கையும் கொண்டுபோவார்கள். நகரத்துக்கு வர முடியாத பண்ணை மக்களுக்கு அதுதான் கலை. நகரங்களிலோ வாட்வில் மேடை: பாட்டு, கழைக்கூத்து, பந்து வித்தை, நாய் வித்தை, பேசும் பொம்மை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல்சுவை நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு கலைஞர் வருஷக்கணக்கில் ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தேய்ப்பார், அம்மியில் மஞ்சள் தேய்ப்பதுபோல. எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று பார்த்துப் பார்த்து ஒரு சொல்லை எடுப்பார், ஒரு சொல்லை வைப்பார். ஊருக்கு வேடிக்கை காட்டும் பையனுக்கும் தொழிற்கலைஞனுக்கும் உள்ள தூரம் அந்தத் தேய்ப்புதான்.

பேசும் படம் வந்தது, வானொலி வந்தது. வாட்வில் சாய்ந்தது. அதன் தலைமை மேடையாக இருந்த நியூயார்க் பேலஸ் அரங்கமே 1932இல் சினிமாக் கொட்டகையாகிவிட்டது. பெர்கன் இரவு விடுதிகளுக்கு மாறினார், சார்லிக்குக் கோட்டும் உயரத் தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் போட்டு. அங்கிருந்து 1936 டிசம்பர் 17 அன்று ரூடி வாலி என்ற பாடகரின் வானொலி நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். வானொலியில் பேசும் பொம்மை. உதடு அசைகிறதா என்று யாருக்கும் தெரியாது. பொம்மையே யாருக்கும் தெரியாது. கண்தான் குரலைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று இவ்வளவு நேரம் பேசினோமே, கண்ணுக்கு வேலையே இல்லாத இடத்தில் இந்தக் கலை எப்படி நிற்கும்? நின்றது மட்டுமல்ல. 1937 மே மாதம் ஒரு காபி நிறுவனத்தின் ஆதரவில் சொந்த நிகழ்ச்சி தொடங்கி, 1956வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நாட்டின் மிகப் பிரியமான நிகழ்ச்சிகளில் ஒன்றாக இருந்தது. 1938இல் ஆஸ்கர் குழு பெர்கனுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. மரத்தால் செய்த சிலை, வாய் அசையும்படி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது, பெர்கனுக்கு அல்ல, சார்லிக்கு.

கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் சார்லி என்று ஒருவன் இருந்தான், அதுதான் காரணம். வாயாடி, சோம்பேறி, பெண்களைக் கண்டால் வழிபவன், பெர்கனின் கஞ்சத்தனத்தைக் கேலி செய்பவன், பெர்கனின் உதடு அசைவதையே அவையில் போட்டுக்கொடுப்பவன். பெர்கனோ கூச்ச சுபாவம், அடக்கமான பேச்சு. அவர் சொல்ல முடியாததை எல்லாம் அவன் சொன்னான். நம் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்தால் ராமாயணமே சற்று ஒதுங்கி வழிவிடும் அல்லவா? தெருக்கூத்தில் ராஜாவைக் கட்டியங்காரன் கிண்டல் செய்தால் ஊர் சிரிக்கும் அல்லவா? அதே உரிமைதான். கண் கொண்டுபோகும் குரலை மனமும் கொண்டுபோகும், போய்ச் சேர ஓர் ஆள் இருந்தால் போதும். வாய்க்கு வாய் தூரம் அரை மீட்டர் என்றேன். அந்த அரை மீட்டருக்கு அப்பால் பெர்கன் ஒரு முழு மனிதனை உட்காரவைத்திருந்தார். அவர் உதடு வரவர நன்றாகவே அசைந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் சார்லிக்கென்று தனி அறை இருந்தது. பெர்கனின் மகள், பின்னாளில் பெயர்பெற்ற நடிகையான காண்டிஸ் பெர்கன், அந்த மர அண்ணனோடு வளர்ந்த கதையை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் குழந்தையாக இருப்பது எளிதாக இருந்திருக்காது. ஒருவர் மரத்துக்கு அவ்வளவு உயிர் கொடுக்கும்போது, பக்கத்திலிருக்கும் உயிர்களுக்குக் கொஞ்சம் குறைந்துபோகும் போலிருக்கிறது. 1978 செப்டம்பரில் ஓய்வு அறிவித்துவிட்டு லாஸ் வேகாஸில் விடைபெறும் நிகழ்ச்சிகளைத் தொடங்கிய பெர்கன், அந்த மாதம் 30ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்தார். சார்லி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. வாய் அசையாமல் இருக்கிறான்.

டீ ஆறியிருக்கும், குடித்துவிடுங்கள். இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளை கரண்டியைக் கையில் பிடித்து, அதை ஆட்டி, கீச்சுக் குரலில் 'எனக்குப் பசிக்குது' என்று சொன்னால், பிள்ளையைப் பார்த்து 'உதடு அசையுது' என்று சொல்லாதீர்கள். கரண்டியைப் பார்த்து, 'என்ன சாப்பிடுறீங்க?' என்று கேளுங்கள்.